கூட்டமாக சைக்கிளில் போகும்போது மழை: எதற்கு நிற்பது, எதற்கு ஓடுவது?

கேள்வி (வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி, மார்ச் 28)

சித்திரை வருஷ லீவுக்கு நாங்கள் 14 பேர் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு சைக்கிளில் போகிறோம் அண்ணா. நான்கு நாள். புத்தளம், அநுராதபுரம், வவுனியா என்று இரவுத் தங்கல். மழை வந்தால் அந்த நாளை ரத்துச் செய்துவிட வேண்டும் என்று ஒரு பாதி சொல்கிறது, நனைந்தால் கரைந்தா போய்விடுவோம் என்று மற்றப் பாதி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மார்ச் 28, இரவு

எந்த மழை என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. உங்கள் இரண்டு பாதியும் அதைக் கேட்காமலேயே சண்டை பிடிக்கிறது.

சித்திரையில் வருவது இடைப்பருவ மழை. காலையில் வெயில், மத்தியானம் புழுக்கம், அப்புறம் கறுத்துக்கொண்டு வந்து இடியோடு கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் மழை என்று வளிமண்டலவியல் திணைக்களம் இந்த மாதங்களில் திரும்பத் திரும்ப அறிவிப்பது இதைத்தான். இந்த மழைக்காக ஒரு முழு நாளை ரத்துச் செய்யத் தேவையில்லை. அது வருவதற்கு முன் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான். விடிய முன் 4 மணிக்குப் புறப்படுகிற கூட்டமும் 7 மணிக்குப் புறப்படுகிற கூட்டமும் ஒரே பாதையில் போனாலும் இரண்டு வேறு பயணம் போகிறார்கள்.

உங்கள் முதல் நாள் கணக்கைப் பாருங்கள். கொழும்பு முதல் புத்தளம் வரை கிட்டத்தட்ட 130 கிலோமீற்றர். கூட்டமாக மணிக்கு 18 கிலோமீற்றர் என்று வைத்தால் உழக்கும் நேரமே 7 மணித்தியாலத்துக்கு மேல். சாப்பாடு, தேத்தண்ணி, பஞ்சர் எல்லாம் சேர்த்தால் 10 மணித்தியாலம். 4 மணிக்குப் புறப்பட்டாலும் 2 மணி ஆகிவிடும், சரியாக இடி தொடங்கும் நேரம். ஆகவே முதல் நாளுக்கு மட்டும் சிலாபத்துக்கு அப்பால் எங்கே ஒதுங்குவது என்று முன்கூட்டியே இரண்டு இடம் பார்த்து வையுங்கள். இரண்டாம் நாள் 75 கிலோமீற்றர்தான், காலை 11 மணிக்குள் அநுராதபுரத்தில் குளித்துவிட்டு இருப்பீர்கள்.

கார்த்திகை மழை வேறு சாதி. தாழமுக்கம் வந்தால் நாள் முழுக்க, சில நேரம் மூன்று நாள் தொடர்ந்து பெய்யும், இடி குறைவு, வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து நேரே முகத்தில் அடிக்கும். அந்த மழையில் ஒழுங்கோடு ஓடலாம், நானே விரும்பி ஓடியிருக்கிறேன். ஆற்று வெள்ளம் என்றால் ஓடவே கூடாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது நீங்கள் போகப்போகும் அதே புத்தளம் – அநுராதபுரம் வீதியில், காலா ஓயாப் பக்கம், ஒரு பஸ்ஸே வெள்ளத்தில் அகப்பட்டு அதில் இருந்தவர்களை மீட்க வேண்டி வந்தது. பஸ்ஸை அசைக்கிற தண்ணீருக்கு சைக்கிள் ஒரு பொருட்டே இல்லை.

மார்ச் 29, காலை

நேற்று எழுதியதில் இடியைப் பற்றிப் போதுமான அளவு சொல்லவில்லை. மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணுங்கள். 30 விநாடிக்குள் கேட்டால் அது 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது, உடனே இறங்குங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை மறுபடி ஏற வேண்டாம். சைக்கிள் ரயர் ரப்பர்தானே, மின்னல் ஒன்றும் செய்யாது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அந்த ரப்பரால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. தனியே நிற்கும் மரம் கூடாது. பக்கம் திறந்த பஸ் தரிப்பிடம் மழைக்கு உதவும், மின்னலுக்கு உதவாது. சுவர் உள்ள வீடு, கடை, கோயில் மண்டபம், அல்லது கண்ணாடி ஏற்றிய வான். அப்படி ஒன்றும் இல்லையென்றால் ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு, சைக்கிளை விட்டுத் தள்ளி நில்லுங்கள். 14 பேரும் ஒன்றாக ஒட்டி நிற்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும், அதைத்தான் தவிர்க்க வேண்டும்.

மார்ச் 31

ஏன் இவ்வளவு பயம் காட்டுகிறீர்கள், மழை என்பது சந்தோஷமான விஷயம்தானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சந்தோஷம்தான். வென்னப்புவ, மாரவில பக்கம் தென்னந்தோட்டங்களுக்கு நடுவே தூறலில் ஓடுவதைப் போல உடம்புக்குச் சுகம் வேறில்லை, சித்திரை வெயிலில் அதே வீதியில் ஓடிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். நான் பேசுவது கூட்டத்தைப் பற்றி. தனியே போகிறவர் நினைத்த இடத்தில் நிற்கலாம். கூட்டமாகப் போகும்போது மழை முதலில் செய்வது ஆட்களைப் பிரிப்பது.

சில வருடங்களுக்கு முன் ஒரு நவம்பரில், புத்தளத்திலிருந்து விடிய புறப்பட்டோம். முதல் மணித்தியாலத்திலேயே பிடித்துக்கொண்டது. வேகமான ஆட்கள், உடம்பு குளிரக் கூடாது என்று இன்னும் வேகமாக உழக்கினார்கள். மெதுவான ஆட்கள், பிறேக் பிடிக்காது என்ற பயத்தில் இன்னும் மெதுவாகப் போனார்கள். கருவலகஸ்வெவ தாண்டும்போதே முன்னால் யாரையும் காணவில்லை. நான் கடைசியில், முதன்முதலாக நெடுந்தூரம் வந்த ஒரு தம்பியோடு இருந்தேன். சாலியவெவ தாண்டிப் பின்சக்கரம் இறங்கிவிட்டது. ஒட்டுப் போடப் பார்த்தோம், ரியூப் ஈரம், சட்டையும் ஈரம், துடைக்க உலர்ந்த துண்டு ஒன்று இல்லை, ஒட்டு பிடிக்கவே இல்லை. உபரி ரியூப்கள் இருந்தன, முன்னால் போனவரின் பையில். அவருக்கு அழைத்தால் அவருடைய போன் தண்ணீர் குடித்துச் செத்துவிட்டிருந்தது.

அவர்கள் நொச்சியாகமவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். நனைந்த ரீசேட்டோடு ஒரு மணித்தியாலத்துக்கு மேல். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எங்களை விட அவர்களுக்குத்தான் மோசம், ஒருவருக்குக் கோப்பையைப் பிடிக்க முடியாத அளவு நடுக்கம். அநுராதபுரம் மாவட்டத்தில் என்ன குளிர் என்று கேட்பீர்கள். 24 பாகையிலும் ஈரச் சட்டையோடு காற்றில் அசையாமல் இருந்தால் உடம்பு வேகமாகச் சூட்டை இழக்கும். உழக்கும்போது தெரியாது, நின்ற பத்தாவது நிமிடம் தெரியும்.

எங்களை ஏற்றி வந்தவர் தலையில் உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வந்த ஒரு விவசாயி. காசு வாங்க மறுத்துவிட்டார். முந்தின நாள் பின்னேரம் அந்த இடத்தில் யானை குறுக்கே போனதாகச் சொன்னார். அதுதான் அன்றைய நாளின் உண்மையான ஆபத்து. நவம்பரில் 6 மணிக்கு முன்னரே பொழுது சாய்ந்துவிடும். காலையில் மழையில் இழந்த நேரத்தை, யானைகள் வீதிக்கு வரும் பின்னேரத்தில் கொடுக்க வேண்டி வருகிறது. கருவலகஸ்வெவ வட்டாரத்தில் பின்னேரம் 5 மணிக்குப் பிறகு சைக்கிளில் இருக்கக் கூடாது என்பதை மாற்ற முடியாத விதியாக வையுங்கள். மழை விட்டும் நேரம் போதாது என்று தெரிந்தால் அங்கேயே ஒரு வாகனம் பிடியுங்கள்.

அன்றிலிருந்து எந்தக் கூட்டத்தோடு போனாலும் நான் கடைசி இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 1

பிறேக் பற்றிக் கேட்டவருக்கு: உங்களுடையது பழைய லுமாலா சைக்கிள், வெள்ளி மினுக்கு இரும்பு றிம் என்றால் நனைந்தவுடன் பிறேக் பிடிப்பு பெருமளவு போய்விடும். அலுமினிய றிம் பரவாயில்லை, ஆனாலும் முதல் ஓரிரு சுற்று தண்ணீரைத் துடைப்பதில் போய்விடும், அதன் பிறகுதான் பிடிக்கும். ஆகவே நிற்க வேண்டிய இடத்துக்கு நெடுநேரம் முன்பே இலேசாகப் பிடித்து, பிறேக் கட்டை றிம்மைத் துடைக்க விடுங்கள். டிஸ்க் பிறேக் நன்றாகப் பிடிக்கும், ஆனால் மண் கலந்த தண்ணீர் அதன் கட்டையை விரைவாகத் தின்றுவிடும், புறப்பட முன் மாற்றிவிட்டு உபரியும் கொண்டுபோங்கள். கூட்டத்தில் எல்லாரிடமும் ஒரே மாதிரி பிறேக் இல்லை என்பதுதான் சிக்கல். முன்னால் போகிறவரிடம் டிஸ்க், பின்னால் வருகிறவரிடம் இரும்பு றிம் என்றால், முன்னவர் சட்டென நிற்கும்போது பின்னவர் நேரே அவர்மேல் ஏறுவார். உலர்ந்த வீதியில் விடும் இடைவெளியைப் போல மூன்று மடங்கு விடுங்கள்.

அப்புறம் வழுக்கும் இடங்கள். மழை தொடங்கிய முதல் பத்து பதினைந்து நிமிடம்தான் மோசம், வீதியில் படிந்த எண்ணெய் மிதந்து வரும் நேரம் அது. வெள்ளைக் கோடு, பாதசாரிக் கடவை, இரும்பு மூடி எல்லாம் வழுக்கும். பேலியகொடை மீன் சந்தைப் பக்கம் விடியப்புறத்தில் லொறிகள் நெருக்கும், அங்கே மழை இல்லாவிட்டாலும் வீதி ஈரம்தான். ரயில் கடவைகளில் தண்டவாளத்தை நேர் குறுக்காக, உழக்காமல், பிறேக் பிடிக்காமல் கடக்க வேண்டும். தண்டவாளம் சரிவாக வீதியை வெட்டும் இடமென்றால் இறங்கித் தள்ளுங்கள். முதல் ஆள் கையை உயர்த்திச் சத்தம் போட்டால் போதாது, மழைச் சத்தத்தில் ஐந்தாவது ஆளுக்குக் கேட்காது. ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் உள்ளவருக்குச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 2

மட்காட். பின்மட்காட்டின் அடியில் ஒரு ரப்பர்த் துண்டைத் தரையிலிருந்து நான்கு விரல் உயரம் வரை தொங்க விடுங்கள். பழைய மோட்டார் ரியூபில் வெட்டினால் போதும். மட்காட் உங்கள் முதுகைக் காப்பாற்றும், அந்தத் துண்டு பின்னால் வருகிறவரின் வாயையும் கண்ணையும் காப்பாற்றும். மட்காட் இல்லாமல் வருகிறவர்களை நான் மழையில் எனக்கு முன்னால் விடுவதில்லை, கோபித்தாலும் சரி.

ஏப்ரல் 2, இரவு

மழைக்கோட்டு வேண்டுமா என்று பலர் கேட்கிறீர்கள். கொழும்பு – யாழ்ப்பாணம் பாதையில் உழக்கும்போது வேண்டாம். உள்ளே வியர்த்து அதே அளவு நனைவீர்கள், காற்றில் வேறு இழுபடும். கறுப்பு மழைக்கோட்டு இன்னும் மோசம், மழைக்குள் பின்னால் வரும் பஸ்காரருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். மஞ்சள் சட்டை, பின்னால் மினுங்கும் சிவப்பு விளக்கு, பட்டப்பகலிலும் எரிய வேண்டும். கோட்டை பையில் வையுங்கள், நிற்கும்போது போடுங்கள். ஓடும்போது நனையலாம், நிற்கும்போது நனைந்திருக்கக் கூடாது.

பைக்குள் எல்லாவற்றையும் சொப்பிங் பையில் சுற்றி முடிச்சுப் போடுங்கள். போனுக்கு லஞ்ச் சீற் (சோறு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) இரண்டு சுற்று. உலர்ந்த சட்டை ஒன்று, உலர்ந்த துவாய் ஒன்று, இரண்டையும் தனியாக, மேலேயே வையுங்கள்.

ஏப்ரல் 4

மலைநாட்டில் மழைக்கோட்டு இல்லாமல் முடியாது என்று ஹற்றனிலிருந்து எழுதிய அக்கா சொல்வது நியாயம். நான் மழைக்கோட்டு வேண்டாம் என்றது தாழ்நிலத்துக்கு மட்டும். அவிசாவளையிலிருந்து கிதுல்கல, கினிகத்தேனை, வட்டவளை என்று ஏறுகிறவர்கள் நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்கள் வழியாகப் போகிறார்கள், ஏற்றத்தில் வியர்த்து நனைந்துவிட்டு, உச்சியில் நின்று படம் எடுத்துவிட்டு, அதே சட்டையோடு இறங்குவார்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மழையில் இறங்கும்போது விரல்கள் மரத்துப்போய் பிறேக்கை அழுத்தவே முடியாமல் போகும். அங்கே கோட்டும் கையுறையும் உயிர்காக்கும் சாமான். இறக்கம் தொடங்க முன்னரே போட்டுக்கொள்ள வேண்டும், குளிர்ந்த பிறகு போட்டுப் பயனில்லை. அக்கா சொன்ன இன்னொன்றும் முக்கியம்: இறக்கத்தில் கூட்டமாக இறங்க வேண்டாம், ஒவ்வொருவராக, முன்னவர் வளைவைத் தாண்டிய பிறகு அடுத்தவர்.

ஏப்ரல் 5

"பின்னால் ஒரு பட்டா வாகனம் (சிறிய லொறி) வருகிறது, ஆகவே எங்களுக்குப் பிரச்சினை இல்லை" என்று கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். வாகனம் நல்லதுதான். ஆனால் அது எங்கே வரும் என்று சாரதியிடம் பேசினீர்களா? என் அனுபவத்தில் சாப்பாட்டுச் சாமானோடு வாகனம் முன்னால் போய் அடுத்த ஊரில் நிற்கும், மழையில் கஷ்டப்படுகிற ஆள் 15 கிலோமீற்றர் பின்னால் இருப்பார். வாகனம் கடைசி ஆளுக்குப் பின்னால், விளக்குகளை மினுக்கிக்கொண்டு வரட்டும். அது அவருக்கு முதுகில் ஒரு சுவர். சாப்பாடு வாங்க முன்னால் போக வேண்டுமென்றால் கூட்டம் முழுவதும் ஓரிடத்தில் நிற்கும்போது போகட்டும்.

இன்னொன்று. மழை தொடங்கியதும் யாராவது ஒருவருக்கு வாகனத்தில் ஏற வேண்டும் போல இருக்கும், வெட்கத்தில் சொல்ல மாட்டார். முதல் நாள் காலையிலேயே, ஏறுவது குறையில்லை என்று கூட்டத்தின் முன்னால் மூத்தவர் ஒருவர் சொல்ல வேண்டும். முடிந்தால் அந்த மூத்தவரே ஒரு தடவை ஏறிக் காட்டட்டும். அதன் பிறகு யாரும் வெட்கப்பட மாட்டார்கள்.

ஏப்ரல் 6

தோல். யாரும் கேட்கவில்லை, ஆனால் மூன்றாம் நாள் எல்லாரும் கேட்பீர்கள். ஈரக் காற்சட்டையோடு ஆறு மணித்தியாலம் இருந்தால் இருக்கையில் உரசும் இடம் புண்ணாகிவிடும். புறப்பட முன் வாஸ்லின் தடவுங்கள், இறங்கிய உடன் தேத்தண்ணிக்கு முன் காற்சட்டையை மாற்றுங்கள். சப்பாத்துக்குள் பழைய பத்திரிகையைத் திணித்து, ஒரு மணித்தியாலத்தில் எடுத்து மறுபடி புதிதாகத் திணித்தால் விடியும்போது ஓரளவு காய்ந்திருக்கும். காற்றாடிக்குக் கீழே வைத்தால் இன்னும் நல்லது, ஆனால் 14 பேருக்கு இரண்டு காற்றாடி என்றால் அங்கேயும் சண்டை வரும்.

மழையில் தாகம் தெரியாது, ஆனாலும் வியர்வை போய்க்கொண்டுதான் இருக்கும். ஆளுக்கு ஒரு ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) பக்கற் வைத்துக்கொள்ளுங்கள்.

விழுந்து சிராய்த்த காலோடு தேங்கிய தண்ணீரில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் இந்த நாட்டில் வயல் ஈரத்திலும் வெள்ளத்திலும் பரவுகிற நோய். பயணம் முடிந்து ஒன்றிரண்டு கிழமைக்குப் பிறகு காய்ச்சலும் தசை நோவும் வந்தால் சாதாரணத் தடிமன் என்று பனடோலோடு விட்டுவிடாதீர்கள், வைத்தியரிடம் போய் வெள்ளத்தில் கால் வைத்ததைச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

ஏப்ரல் 7

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் போடலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம், மண்ணோடு சேர்ந்து பிசினாகிவிடும். இரவில் படுக்க முன் துணியால் துடைத்து, இயந்திர எண்ணெய் இணைப்புக்கு ஒரு துளி. விடியும் வரை விட்டால் துரு பிடித்துவிடும். பஞ்சருக்கு ஆளுக்கு இரண்டு ரியூப், அவரவர் பையில். வழியில் மாற்றுங்கள், ஒட்டு வேலை இரவில் உலர்ந்த அறையில். மாற்றும்போது ரயரின் உள்பக்கத்தை விரலால் தடவிக் கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்று பார்க்காமல் பூட்ட வேண்டாம். மழைநீர் வீதியோரத்துக் குப்பையை நடுவுக்குக் கொண்டுவரும், ஈரக் கண்ணாடி ரப்பருக்குள் சுலபமாக இறங்கும்.

ஏப்ரல் 8

உங்கள் திட்டத்தை மறுபடி பார்த்தேன். மூன்றாம் நாள் அநுராதபுரம் – வவுனியா 50 சொச்சம் கிலோமீற்றர், நான்காம் நாள் வவுனியா – யாழ்ப்பாணம் 140. சித்திரைக்கு இது சரிவராது. மூன்றாம் நாள் காலையில் வவுனியாவில் சாப்பிட்டுவிட்டு மாங்குளம் வரை போய்விடுங்கள். மிச்சம் 95 அளவில்தான் இருக்கும், முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, 10 மணிக்கு முன் பரந்தனைத் தாண்டலாம்.

பரந்தனை ஏன் சொல்கிறேன் என்றால், அதற்கு அப்பால் ஆனையிறவு. இரண்டு பக்கமும் கடல்நீரேரி, உப்பளம், ஒதுங்க ஒன்றும் இல்லை, குறுக்குக் காற்று. அந்த வெட்டவெளியில் உயரமான பொருள் நீங்கள்தான். வானம் கறுத்திருந்தால் பரந்தனிலேயே நில்லுங்கள், யாழ்ப்பாணம் எங்கேயும் ஓடிப் போகாது. குறுக்குக் காற்றில் மழையோடு போக வேண்டி வந்தால் லொறி கடக்கும் கணத்தில் காற்று அறுபட்டு, கடந்தவுடன் மறுபடி அடிக்கும், இரண்டு தடவையும் சைக்கிள் இழுபடும். இரண்டு கையும் பிடியில் இருக்கட்டும்.

ஏப்ரல் 9

நல்ல ஓட்டக்காரரைக் கடைசியில் விடுவது வீண், அவர் முன்னால் போய்க் காற்றை வெட்டினால்தானே எல்லாருக்கும் லேசு என்று ஒருவர் வாதிட்டிருக்கிறார். வெயில் நாளில் ஒத்துக்கொள்கிறேன். மழையில் நெருங்கி ஓட முடியாது, இடைவெளி விட்டு ஓடும்போது முன்னவர் வெட்டும் காற்றால் பின்னவருக்குக் கிடைக்கும் பலன் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்காகப் பஞ்சர் போடத் தெரிந்த, போன் காய்ந்த, பயப்படாத ஒரே ஆளை முன்னால் அனுப்பிவிடாதீர்கள்.

14 பேரை ஐந்து, ஐந்து, நான்கு என்று மூன்றாகப் பிரியுங்கள். பஸ் முந்திப் போக நடுவில் இடம் இருக்கும். ஒவ்வொரு பிரிவிலும் பம்மும் ரியூபும் தெரிந்த கையும் இருக்க வேண்டும். மழை தொடங்கினால் 10 கிலோமீற்றருக்கு ஒருமுறை, முன்பே பேசி வைத்த கடையில் நின்று தலை எண்ணுங்கள், எண்ணாமல் முதல் பிரிவு நகரக் கூடாது. கடைசி ஆள் வந்து சேர்ந்த கணத்தில் மற்றவர்கள் எல்லாரும் எழுந்து புறப்படுவதைப் பார்த்திருக்கிறேன், அது பெரிய அநியாயம், ஏனென்றால் ஓய்வு மிகவும் தேவைப்படுகிறவருக்குத்தான் ஓய்வே கிடைப்பதில்லை. அவர் இறங்கி, துவாயால் துடைத்து, பிளேன்ரீ குடித்து முடித்த பிறகு, புறப்படலாம் என்று அவர் சொல்லட்டும். தம்பி, உங்கள் கூட்டத்தில் அந்த இடத்தில் யார் இருக்கப்போகிறார் என்று இப்போதே தெரிந்தால், நாளை மறுநாள் நீங்கள் வைக்கிற ஆலோசனைக் கூட்டத்துக்கு அவரையும் கூப்பிட்டு, நிற்கும் கடைகளை அவரைக் கொண்டே தெரிவு செய்யுங்கள்.